கவாத்துக் கூடத்தில் எந்தக் கால் முதல் கால்

புதுச்சேரி,
ஹேவிளம்பி வருஷம் ஆவணி மாதம் 24, திங்கட்கிழமை
(9-9-1957)

சைகோன் பட்டணத்தில் வாழும் மகாராஜராஜஸ்ரீ சித்தப்பா சக்கரபாணி அவர்கள் சமூகத்துக்கு, கவாத்துக் கூடத் தெருவிலிருந்து உங்கள் அண்ணன் மகள் சந்திரகலா சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொண்டது. மற்றவர்கள் மரியாதைக்காக விழுந்ததாக எழுதுவார்கள். நான் போன புதன்கிழமையிலிருந்து நிஜமாகவே யார் காலிலாவது விழுந்தபடிதான் இருக்கிறேன், ஆகையால் உங்கள் காலும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், நம் வீட்டுப் பசு சுகம். அக்காள் அஞ்சலாட்சி சுகமா என்பதைத்தான் இந்தக் கடிதம் சொல்லப்போகிறது, அதற்காக அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கூடாது. அப்பாவும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக எழுதுகிறார். கோபத்தில் அழுத்தி எழுதி இரண்டு பேனா முள் உடைந்துவிட்டது, மூன்றாவது முள் கடையில் வரவில்லை. அதனால் என் கடிதம் முதலில் கப்பல் ஏறும். இரண்டு கடிதத்துக்கும் சம்பவம் ஒன்றுதான், ஆனால் அப்பா கடிதத்தில் என் பேர் வரும் இடத்தில் எல்லாம் வேறு ஏதாவது பிராணியின் பேர் இருக்கும்.

போன கடிதத்தில், "வெள்ளைக்காரன் போன பிறகு நம்ம கவாத்துக் கூடம் என்ன ஆச்சு, அதன் சரித்திரத்தை விவரமாக எழுது, பேசுகிற வாய்க்கு எழுத என்ன குறை" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது நீங்கள், ஆகையால் இனி வரும் எல்லாவற்றுக்கும் நீங்களும் பொறுப்பு. சரித்திரத்தைக் கூடத்தின் நெற்றியிலிருந்தே தொடங்குகிறேன். வாசலுக்கு மேலே வருஷம் செதுக்கியிருக்கிறார்கள். முன்னால் 18, கடைசியில் 7, நடுவில் இருந்த எண் நான் பிறப்பதற்கு முன்பே உதிர்ந்து யார் தலையிலோ விழுந்துவிட்டதாம். அதனால் கூடத்துக்கு என்ன வயது என்பது பார்க்கிறவர் விருப்பம். எங்கள் சரித்திர டீச்சர் 1827 என்கிறார். எதிர்வீட்டுத் தேவதாஸ் 1887 என்கிறான், எட்டு அவனுக்கு ராசியாம். தணிகாசலம் தாத்தா 1897 என்று அடித்துச் சொல்கிறார். அந்த வருஷம்தான் அவர் பிறந்தார், கூடத்துக்குத் தன்னைவிட வயது கூட இருப்பதை அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். தணிகாசலம் தாத்தாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் படையைக் கட்டி மேய்த்த சர்ழானாக இருந்து, உங்களை நிற்க வைத்து, நடக்க வைத்து, ஆளாக்கிக் கப்பலேற்றியவர் அவர்தானே. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரம் முழுவதும் மனப்பாடம், ஏனென்றால் அதைச் சொல்பவரும் அவரேதான்.

ஐம்பத்து நாலு நவம்பர் முதல் தேதி மூவர்ணக் கொடி இறங்கியது, மூவர்ணக் கொடி ஏறியது. நிறம்தான் வேறே, கம்பம் அதே. வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள். கூடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, தணிகாசலம் தாத்தாவை யாரும் போகச் சொல்லவில்லை, ஆகையால் அவர் இருந்துவிட்டார். அப்புறம் ரேஷன் கிடங்கு என்று பலகை மாட்டினார்கள். அரிசி வந்தது, அரிசியோடு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது, பூனைகளுக்குத் தாத்தா கவாத்து பழக்கினார். அதில் ஒரு பூனை இன்றைக்கும் அவர் குரல் கேட்டால் நின்ற இடத்தில் விறைத்துக்கொள்ளும். கிடங்கு வேறு இடம் போன பிறகு ஆறு மாதம் பந்தாட்டம், ஆறு மாதம் கட்சிக் கூட்டம். போன வருஷம் அதே பலகையைத் திருப்பி மறுபக்கத்தில் 'கல்யாண மண்டபம்' என்று எழுதி மாட்டிவிட்டார்கள். படை போய்ப் பந்தி வந்தது. வாசல் பெஞ்சு மட்டும் மாறவில்லை. படையில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சொல்தாக்கள் ஐந்து பேர் காலையில் வந்து உட்கார்ந்து, தாத்தா போட்டுத் தரும் காப்பியைக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். கல்யாண வீட்டார் அவர்களைப் பெண் வீட்டுப் பெரியவர்கள் என்று நினைத்துச் சந்தனம் தடவிவிட்டுப் போகிறார்கள்.

மாறாத இன்னொன்று வாசற்படிக் கல். சித்தப்பா, அந்தக் கல்லை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படை நடந்தால் இடது கால்தான் முதலில். அறுபது வருஷமோ நூற்று முப்பது வருஷமோ (மேலே உதிர்ந்த எண்ணைப் பொறுத்தது) ஆயிரம் பேர் இடது காலை வைத்து வைத்து அந்தக் கல்லில் இடது பக்கம் மட்டும் தேய்ந்து, ஒரு கிண்ணம் போலக் குழிந்து கிடக்கிறது. வலது பக்கம் கொத்தன் விட்டுப்போனபடி சொரசொரவென்று புத்தம் புதிதாக இருக்கிறது. கல்லுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே அந்தப் பழக்கம். கிளெரோன் ஊதினால் நம் தெருவில் இடது கால் தானாக எழும். உங்கள் கிளெரோனைத்தான் சொல்கிறேன், வெள்ளைக்காரன் திருப்பிக் கேட்க மறந்து நம் வீட்டு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பித்தளைக் கொம்பு. நீங்கள் படையை விட்டுத் திரும்பி வந்து இரண்டு வருஷம் இங்கே இருந்தபோது தினமும் சாயங்காலம் கொல்லையில் அதை ஊதி எனக்கும் கற்றுக்கொடுத்தீர்களே, அப்போது தண்ணீர்க் குடத்தோடு போகிறவள்கூட ஒரு நிமிஷம் நின்று, கால் மாற்றி, இடது காலில் கிளம்பிப் போவாள். வண்டிக்காரச் சின்னக்கண்ணுவின் மாடுகூட அப்படித்தான் என்று தேவதாஸ் சத்தியம் செய்கிறான். மாட்டுக்கு இடது காலே இரண்டு இருக்கிறதே, எது என்று கேட்டால் முழிக்கிறான்.

இனிமேல் கல்யாணம். மாப்பிள்ளை கிருஷ்ணசாமி வில்லியனூர்க்காரர், மில்லில் பிட்டர். அதிகம் பேச மாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நம் வீட்டுத் தையல் மிஷின் கிறீச்சிடுவதைக் கேட்டு, பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, மிஷினைத் திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டு, பிறகு பஜ்ஜியைத் தொடர்ந்தார். அக்காள் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த மிஷினைத் தினமும் துடைத்து வைத்தாள், தைக்கத் துணி இல்லாத நாளிலும். அவர் அப்பா இல்லை, காலமாகிவிட்டார் என்று மட்டும் சொன்னார்கள். அம்மா தையல்நாயகி அத்தைதான் எல்லாம். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. பெண் அழைப்பில் மருமகள் தன் கண்ணெதிரே வலது காலை எடுத்து வைத்து உள்ளே வர வேண்டும். "மத்தபடி நீங்க போடுறது போடுங்க, வெக்கிறது வைங்க. காலு மட்டும் எனக்குச் சரியா இருக்கணும்" என்று அப்பாவிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். அப்பா அதை அக்காளிடம் முப்பது தடவை சொன்னார். ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் கல்யாணம், வேறு இடம் கிடைக்காமல் அப்பா நம் கூடத்தையே எழுதிப்போட்டார். 'கல்யாண மண்டபம்' என்றுதான் அவர்களுக்குச் சொல்லியனுப்பினார். பலகையும் அதைத்தான் சொன்னது, ஆகையால் பொய் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கூடத்திலிருந்து நம் வீடு நாலாவது வீடு, ஆனாலும் பெண் அழைப்பு என்றால் ஊரைச் சுற்றித்தானே வர வேண்டும். கோயில் வரை போய், நாகசுரம் மேளத்தோடு, வரிசைத் தட்டு ஏந்திய பெண்கள் இருபது பேர், பின்னால் ஆண்கள் இருபது பேர் என்று தெருவே திரண்டு வந்தது. வாசலுக்கு உள்பக்கம் தையல்நாயகி அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். அக்காள் தலையைக் குனிந்து, வலது கால் வலது கால் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நடந்து வந்தாள். படிக்கல்லுக்கு இன்னும் நாலு அடி. இந்த இடத்தில்தான் சித்தப்பா, கூடத்தின் பின்பக்கம் அரிசி களையும் முற்றத்தில் இருந்த யாரோ ஒரு பிரகிருதி, பெஞ்சில் தூங்கும் ஐந்து சொல்தாக்களும் பீரங்கி வெடித்தாலும் எழ மாட்டார்கள் என்று தேவதாஸ் கட்டிய பந்தயத்தை நம்பி, ஜன்னல் வழியாகக் கிளெரோனை நீட்டி, 'முன்னேறு' கொம்பை ஒரே மூச்சில் ஊதிவிட்டது.

பந்தயத்தைப் பொறுத்தவரை தேவதாஸ் தோற்றான். ஐந்து பேரும் ஒரே உதறலில் எழுந்து சலாமில் நின்றார்கள், அதில் அம்மாவாசைத் தாத்தாவுக்கு எட்டு மாதமாக முழங்கால் மடங்குவதே இல்லை. ஆனால் பந்தயத்தில் இல்லாத மற்றதும் நடந்தது. தெரு முழுவதும் ஒரு நொடி நின்றது. பிறகு நாற்பது இடது கால்கள் ஒன்றாக எழுந்தன. பூசணிக்காய்த் தட்டும் வெற்றிலைத் தட்டும் ஒரே உயரத்தில் வந்தன. நம் அம்மா வாழைத்தாரைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டாள். மேளக்காரரும் நம் தெருக்காரர்தானே, அவர் கை தானாகக் கவாத்துத் தாளத்துக்கு மாறிவிட்டது. அக்காள், பாவம், வலது கால் வலது கால் என்று சொல்லியபடியே இடது காலைத் தூக்கி அந்தக் குழியில், அச்சு வார்த்த மாதிரி, வைத்து, இரண்டு எட்டு உள்ளே போய், பின்னால் நாற்பது பேரும் உள்ளே வந்து சூழ, நின்றாள். நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தாள், நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் ஒரு விரல்கூட அசைக்கவில்லை. அந்த முகத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளெரோனை அரிசி அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டு முன்பக்கம் ஓடினேன். (அந்தப் பிரகிருதி போட்டது, நான் ஓடினேன் என்று படிக்கவும்.)

தையல்நாயகி அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நம் பக்கமும் பதிலுக்குக் கத்தி, அரை மணியில் காப்பி குடித்திருப்பார்கள். அவர் ஆரத்தித் தட்டைக் குனிந்து தரையில் வைத்தார். படிக்கல்லைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "இது என்னா எடம்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"கல்யாண மண்டபங்க, சம்பந்தி."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி ரேஷன் கெடங்கு."

"அதுக்கும் முந்தி?"

அப்பா மென்று விழுங்கி, "கொஞ்ச நாளு கவாத்து நடந்துச்சிங்க" என்றார். கொஞ்ச நாளாம், நூற்று முப்பது வருஷம்.

"பொண்ணை அழைச்சிகினு போங்க. நான் எம் புள்ளைய அழைச்சிகினு போறேன்" என்றார் அத்தை. மாப்பிள்ளை, "அம்மா, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தார். அதுதான் அவர் அன்றைக்குப் பேசிய முதல் வாக்கியம். "நீ சும்மா இருடா" என்று அது அங்கேயே முடிந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். சரித்திரம்தான் கைவசம் இருக்கிறதே என்று நடுவில் புகுந்தேன். "அத்தை, இந்தக் கூடத்துல இடது காலுதான் ராசி. இதுல இடது காலை வச்சவங்க யாரும் செத்ததே கிடையாது. சந்தேகமா இருந்தா அதோ பெஞ்சியில பாருங்க, அஞ்சு பேரு. பென்ஷன் குடுக்கிறவங்களே இவங்க உசுரோட இருக்காங்களான்னு வருசா வருசம் நேர்ல கூப்ட்டு பாத்துட்டு, நம்ப முடியாமத்தான் திரும்பிப் போறாங்க" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டம்.

"ஒருத்தரு செத்தாரும்மா" என்றார். "நாப்பத்தாறுல இதே கொம்ப ஊதுனாங்க. பலகையப் பாத்து எனக்கு எடம் தெரியாம போச்சி. நான் அப்ப அந்தண்ட ஓரமா, இவனைக் கையில புடிச்சிகினு நின்னேன். இதே கல்லுல இடது காலை வச்சிதான் எங்க வூட்டுக்காரரு வெளிய வந்தாரு, கப்பலுக்குப் போனாரு. அப்புறம் ஒரு காயிதம் வந்துச்சி. அதுவும் அவரு எழுதுனது இல்ல."

சித்தப்பா, அவர் பேர் கோவிந்தசாமி. உங்களோடு ஒரே கப்பலில் வந்தவராம். அன்றைக்குக் கொம்பு ஊதியது யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், தெரியும். ஊதியது ஒருத்தி, ஊதிப் பெரிதாக்கியது ஊர் என்று அதுவரை மனசுக்குள் ஒரு சமாதானம் தயார் செய்து வைத்திருந்தேன். அதை அங்கேயே கைவிட்டேன். வேறு ஒரு வேடிக்கையும் வரவில்லை. அக்காள் இன்னும் அதே இடத்தில் நின்றாள்.

அப்போதுதான் தணிகாசலம் தாத்தா வந்தார். பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தவர், சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்று, "இன்னா கலாட்டா இங்க? ஒருத்தருமே இன்னும் உள்ள வரலியே" என்றார்.

"நாப்பது பேரு உள்ள நிக்கிறோம்யா" என்றார் அப்பா.

"நின்னா? பேரு கூப்ட்டனா? பேரு கூப்புடாம உள்ள வந்தவன் வராதவன். இந்தக் கூடத்துக்கு அதான் சட்டம். கெவர்னரே வந்து நின்னாலும் பேரு கூப்புடுற வரைக்கும் அவரு தெருவுலதான் இருக்காரு. அந்தப் பொண்ணு இன்னும் காலே வைக்கல."

அத்தை அவரைத் தலையிலிருந்து கால் வரை, கால் விரலிலிருந்து மறுபடி தலை வரை பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது, எனக்கு அப்போது புரியவில்லை. "அப்படியா, சர்ழான்?" என்றார்.

"அப்படித்தாம்மா."

"அப்பக் கூப்புடுங்க."

"கூப்புடுவேன். ஆனா மொதல்ல எல்லாரும் மொறையா வெளிய போவணும். உள்ள வரச் சொன்ன கொம்புதான் வெளிய போவச் சொல்லணும். எந்த வாயி ஊதிச்சோ அதே வாயி வந்து ஊதட்டும்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தேவதாஸ் வானத்தில் ஏதோ தொலைத்துவிட்ட மாதிரி மேலே பார்த்தான். அப்பாவின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது. ஓடிப்போக எனக்கு வழி இருந்தது, பின்முற்றத்துக் கதவு திறந்தே இருந்தது. யாருக்கும் தெரியாது, தேவதாஸ் சொல்ல மாட்டான். ஆனால் கொம்பு ஊதாவிட்டால் அக்காள் அந்த இரண்டு எட்டு இடத்திலேயே நின்று கிழவியாகிவிடுவாள் போலத் தோன்றியது. சித்தப்பா, மேலே நான் எழுதிய அந்த யாரோ ஒரு பிரகிருதி வேறு யாரும் இல்லை. நீங்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள், அப்பாவுக்குத்தான் அரை மணி பிடித்தது. அண்டாவிலிருந்து கிளெரோனை எடுத்து, உள்ளே போன அரிசியைக் கொட்டிவிட்டு, முகூர்த்தப் பட்டுப் பாவாடையோடு எல்லார் முன்னாலும் போய் நின்றேன். "இதுவா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. எனக்குப் பதினைந்து வருஷமாகச் சந்திரகலா என்று பேர், அப்பா ஒரே வார்த்தையில் அஃறிணையாக்கிவிட்டார்.

ஊதினேன். "தெமி தூர்!" என்று தாத்தா குரல் கொடுத்தார். தெரு முழுவதும், தட்டு மூடி கலையாமல், பின்பக்கமாகத் திரும்பியது. அக்காளும் திரும்பினாள். நாற்பது பேரும் வெளியே போய், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஐந்து சொல்தாக்களும் வரிசையின் தலைமாட்டில். தாத்தா கையில் புத்தகம் இல்லை, காகிதம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பழைய படையின் பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பேர் எது தெரியுமா? "சக்கரபாணி!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் படைக்கே முதல் பேர் உங்கள் பேர். இத்தனை பெரிய ஆளாக இருந்தும் ஒரு நாளும் நீங்கள் சொல்லிக்கொண்டதில்லை. "பிரெசான்" என்று நான் கத்தினேன். ஆகையால் நீங்கள் போன புதன்கிழமை புதுச்சேரியில் ஆஜராகி இருந்தீர்கள், யாராவது கேட்டால் மறுக்காதீர்கள்.

பேர்கள் வந்துகொண்டே இருந்தன. பதவி வரிசையிலும் இல்லை, எழுத்து வரிசையிலும் இல்லை, இராணுவ ரகசியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெஞ்சுத் தாத்தாக்கள் தங்கள் பேருக்குப் பிரெசான் சொன்னார்கள், அம்மாவாசைத் தாத்தா மட்டும் தூக்கக் கலக்கத்தில் அடுத்தவர் பேருக்கும் சேர்த்துச் சொன்னார். இறந்துபோனவர்கள் பேர்களும் வந்தன. அவற்றுக்கு வரிசையிலிருந்து ஒரு மகன் சொன்னான், ஒரு பேத்தி சொன்னாள், வெற்றிலைத் தட்டு ஏந்திய ஒரு மருமகள் சொன்னாள். எல்லாப் பேரும் முடிந்து கடைசியாக, கண்ணைத் திறக்காமலே, "கோவிந்தசாமி" என்றார் தாத்தா.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"கோவிந்தசாமி."

மேளக்காரர் கையை மேளத்தின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"கோவிந்தசாமி."

"பிரெசான்" என்றார் தையல்நாயகி அத்தை. வாசலுக்குள்ளே தனியாக நின்றபடி, சத்தமாக இல்லாமல், ஆனால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி.

"அப்ப எல்லாரும் வந்தாச்சி" என்றார் தாத்தா. "இப்ப உள்ள போலாம்." வலது காலில் எப்படி நுழைவது என்று அப்பா கேட்டார். கிளம்பினால் இடது காலில்தான் தெரு கிளம்பும், அதை மாற்ற முடியாது. தாத்தா படிக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன எம்பு எம்பினால் போதும், இடது வலதாகிவிடும், நடை தப்பினவனுக்குப் படையில் அதுதான் வைத்தியமாம். நான் மறுபடி ஊதினேன். தெரு இடது காலில் கிளம்பியது. கோட்டுக்கு வந்ததும் அக்காள், பட்டுப் புடவையும் பூமாலையுமாக, பாண்டி ஆடுகிற சின்னப் பெண் மாதிரி ஒரு எம்பு எம்பி, வலது காலைத் தூக்கி அந்தச் சொரசொரப்பான, இதுவரை யாரும் மிதிக்காத பக்கத்தில் வைத்து உள்ளே போனாள். பின்னால் வந்த நாற்பது பேரும் அதே இடத்தில் எம்பினார்கள். பூசணிக்காய் ஒன்று மட்டும் உருண்டது. அத்தை தரையிலிருந்த தட்டை எடுத்து ஆரத்தி சுற்றினார், சிவப்புத் தண்ணீரைத் தெருவில் ஊற்றாமல் படிக்கல்லின் இடது குழியில் ஊற்றினார். குழி நிறைந்து நின்றது, ஒரு சொட்டு வழியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. அக்காள் சுகம். இதோ இப்போது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். சுகமில்லாதவள் நான் ஒருத்திதான். கிளெரோனைப் பாத்திரக்காரனிடம் கொடுத்து உருக்கி ஒரு செம்பும் இரண்டு டம்ளரும் அடித்துவிடப்போவதாக அப்பா சொல்கிறார். அது அரசாங்கச் சொத்து என்றேன், எந்த அரசாங்கம் என்று கேட்டார். பத்தாம் வகுப்போடு என் படிப்பையும் நிறுத்திவிடப்போகிறாராம். நீங்கள் ஒரு வரி, கொம்பு உங்கள் கொம்பு என்றும், குழந்தை விளையாட்டுக்குச் செய்ததுக்குக் குடியா முழுகிப்போச்சு என்றும் எழுதினால் போதும். படையின் முதல் பேர்க்காரர் சொன்னால் அப்பா தட்ட மாட்டார். சித்தி இருந்த இடத்தில் இருந்தபடியே வணக்கம் வாங்கிக்கொள்ளவும். நம் குலசாமி உங்கள் இருவருக்கும் நூறு வயதும், எனக்கு அடுத்த வாரம் வரையாவது ஆயுளும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
விழுந்தது விழுந்தபடி,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்
சந்திரகலா

பி.கு.: உறையில் போடப்போகும் நேரத்தில் தையல்நாயகி அத்தை மறுவீட்டுப் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாருக்குக் காயிதம், படி கேட்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். படித்தேன். கோவிந்தசாமி மாமா வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். 'சர்ழான் தணிகாசலம் தாத்தா' என்று வந்த முதல் இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவர், கடைசியில் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். "சர்ழானா? அடி பைத்தியமே, அவரு குசினிக்காரருடி. படை முச்சூடுக்கும் சோறு ஆக்குனவரு." நான் நம்பவில்லை, அப்பாவைக் கேட்டேன். அப்பா அன்றைக்குப் பிறகு முதன்முறையாக என்னைப் பார்த்து, "ஆமா, அதுக்கு இன்னா இப்போ?" என்றார். தெருவில் நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் தெரியுமாம். பெஞ்சுத் தாத்தாக்களுக்கும் தெரியுமாம், காப்பிக்காகச் சொல்லவில்லையாம். பேர் கூப்பிடாமல் வந்தவன் வராதவன் என்பது கூடத்துச் சட்டம் இல்லை, பந்திச் சட்டமாம். அத்தனை பேரும் தெரிந்தேதான் அன்றைக்குத் திரும்பி நடந்தார்கள். ஊரை நான் ஏமாற்றுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சங்கதி. அவர் கூப்பிட்டது படை வரிசை இல்லை, சோற்று வரிசை. தட்டை ஏந்திக்கொண்டு யாருக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்பது அவருக்கு இன்னும் மனப்பாடம். கோவிந்தசாமி மாமா எப்போதும் கடைசியில்தான் வருவாராம், கடைசியில் வந்தால் அடிப்பிடித்த சோறு கிடைக்கும், அது அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். "கடேசியில கூப்ட்டாரு பாரு, அப்பத்தான் நெஜமா கூப்புடுறாருன்னு தெரிஞ்சிச்சி" என்றார் அத்தை.

ஆகவே சித்தப்பா, மேலே உள்ள சரித்திரம் முழுவதையும் அடித்துவிடவும். உங்கள் பேர் முதலில் வந்ததற்கு நான் பட்ட பெருமையை இரண்டு தடவை அடித்துவிடவும். சாப்பாட்டுக் கொம்பை ஊதுகிறவரும் நீங்கள்தானாம், ஊதிவிட்டு முதல் ஆளாகத் தட்டோடு நிற்பவரும் நீங்கள்தானாம். பல நாள் சோறு வேகுவதற்கு முன்பே ஊதிவிட்டு, அறுபது பேரையும் வெறும் தட்டோடு வெயிலில் நிற்க வைத்திருக்கிறீர்களாம். இந்தக் குரங்கு யாரைக் கொண்டு பிறந்ததோ என்று அப்பா தினமும் அம்மாவைக் கேட்கிறார். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. படிப்பைப் பற்றியும் கொம்பைப் பற்றியும் உங்கள் கடிதம் வருகிற வரைக்கும் அதை அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.